வார இறுதியில் ஹேங் கிளைடிங்: வானிலை நாளைச் சொல்லட்டும், நாள் இடத்தைச் சொல்லட்டும்

சனிக்கிழமை ஃபோர்ட் ஃபன்ஸ்டன் போகலாம் என்று திங்கட்கிழமையே முடிவுசெய்து, நண்பர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பி, அப்புறம் வெள்ளிக்கிழமை ராத்திரி வானிலையைத் திறந்து பார்ப்பவர்கள் நிறையப் பேர். இது தலைகீழ். சான் பிரான்சிஸ்கோ பே ஏரியாவில் ஹேங் கிளைடரில், அதாவது இயந்திரமில்லாத துணி இறக்கையில் தொங்கியபடி, பறக்கிறவர்களுக்கு இருக்கிற பெரிய வசதியே, குணத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு இடங்கள் சுமார் ஒரு மணி நேரக் கார் தூரத்தில் இருப்பதுதான்: நகரத்தின் மேற்கு ஓரத்தில் கடலைப் பார்த்தபடி ஃபோர்ட் ஃபன்ஸ்டன், மில்பிடாஸை ஒட்டிய மலைச்சரிவில் எட் லெவின் பூங்கா. ஒன்றில் பறக்க முடியாத நாளில் மற்றதில் முடியலாம். இரண்டிலும் முடியாத நாட்களும் கணிசமாக உண்டு. ஆகவே சனியா ஞாயிறா, கடலா மலையா என்ற இரண்டு கேள்விகளையும் கடைசிவரை திறந்தே வைத்திருங்கள்.

பயிற்சி முடித்து, அமெரிக்க ஹேங் கிளைடிங், பாராகிளைடிங் சங்கமான யு.எஸ்.எச்.பி.ஏ.வின் எச்2 (புதியவர்) அல்லது எச்3 (இடைநிலை) தகுதி வாங்கி, இனி ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் தானே நாள் பார்த்துக் கிளம்பத் தொடங்குகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். இன்னும் கற்றுக்கொள்ளாதவர்கள் முதலில் வகுப்புக்குப் போங்கள்; வானிலை வாசிக்கத் தெரிவது பயிற்சிக்கு மாற்று ஆகாது. ஒவ்வொரு இடத்துக்கும் தகுதி, உறுப்பினர் விதிகள் தனியாக இருக்கின்றன. ஃபன்ஸ்டனைப் பார்த்துக்கொள்வது ஃபெலோ ஃபெதர்ஸ் கிளப், எட் லெவினை விங்ஸ் ஆஃப் ரொகாலோ. போவதற்கு முன்னால் அவர்களுடைய விதிகளைப் படித்துவிடுங்கள்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், மீதி எல்லாம் இதைச் சுற்றித்தான் வரப்போகிறது. மோசமான காற்றில் ஒருவர் ஓடிக் கிளம்புவதற்குக் காரணம் பல நேரம் வானிலை தெரியாததல்ல. நெரிசலில் ஒன்றரை மணி நேரம் ஓட்டி வந்தாயிற்று, முப்பது கிலோ கிளைடரைத் தோளில் சுமந்து போய்ப் பிரித்துக் கட்டியாயிற்று, வீட்டிலிருந்து எல்லோரும் வந்து கேமராவோடு நிற்கிறார்கள், முன்னால் இரண்டு பேர் ஏற்கெனவே பறந்துகொண்டிருக்கிறார்கள். இந்த நிலைமையில் "இன்றைக்கு வேண்டாம்" என்று வாயைத் திறந்து சொல்வது கஷ்டம். அதைச் சுலபமாக்குவதற்குத்தான் திட்டமே. புதன்கிழமையிலிருந்து சனிக்கிழமை மதியம்வரை ஒவ்வொரு கட்டத்திலும் நீங்கள் தேடவேண்டியது "ஏன் போகக்கூடாது" என்பதற்கான காரணத்தை; அது கிடைக்கவில்லை என்றால் மட்டும் அடுத்த கட்டத்துக்குப் போங்கள்.

இரண்டு இடமும் என்ன கேட்கின்றன

ஃபன்ஸ்டன் ஒரு காலத்தில் கடலோர பீரங்கிப் படைத் தளம், இப்போது கோல்டன் கேட் தேசியப் பொழுதுபோக்குப் பகுதியின் ஒரு பாகம். சுமார் 200 அடி உயர மணல்பாறைச் சரிவு கடலைப் பார்த்து நிற்கிறது. மேற்கிலிருந்து வரும் கடல்காற்று அதில் மோதி மேலே திரும்புகிறது, அந்த மேல்நோக்கிய பட்டைக்குள் தெற்கும் வடக்குமாகப் போய்ப்போய் வருவதுதான் அங்கே பறத்தல். வெயிலோ தெர்மலோ (தரை சூடாகி மேலே எழும் காற்று) தேவையில்லை, காற்று ஒன்றே போதும். ஆனால் அந்தக் காற்று சரியான திசையில், சரியான அளவில் வேண்டும். மணிக்குப் பன்னிரண்டு மைலுக்குக் கீழே இருந்தால் இந்த உயரத்துச் சரிவு உங்களைத் தாங்காது, கடற்கரை மணலில் போய் இறங்கி கிளைடரைச் சுமந்துகொண்டு ஏறி வர வேண்டியிருக்கும். பதினைந்திலிருந்து இருபதுவரை நன்றாக இருக்கும். இருபத்தைந்தை நெருங்கினால் அனுபவசாலிகளே யோசிப்பார்கள்.

ஏன் அந்த மேல் வரம்பு என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஹேங் கிளைடர் சாதாரணமாக மணிக்கு இருபது, இருபத்தைந்து மைல் வேகத்தில்தான் பறக்கிறது. எதிர்க்காற்றும் அதே அளவு அடித்தால் தரையைப் பொறுத்தவரை நீங்கள் நகரவே மாட்டீர்கள். அதற்கும் மேலே போனால் பின்னால் தள்ளப்படுவீர்கள், பின்னால் இருப்பது சரிவின் உச்சியைத் தாண்டிக் காற்று உருண்டு புரளும் இடம், ரோட்டர் என்கிறார்களே அது. இன்னொரு கணக்கும் உண்டு: காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் கூடும். பதினைந்து மைல் இருபது மைல் ஆகும்போது வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது, விசையோ கிட்டத்தட்ட 1.8 மடங்காகிவிடுகிறது. கிளைடரைத் தூக்கிக்கொண்டு லாஞ்சில், அதாவது ஓடிக் கிளம்பும் இடத்தில், நிற்கும்போது இந்த வித்தியாசத்தை உங்கள் தோள் உடனே சொல்லிவிடும். அப்புறம் ஒரு எச்சரிக்கை: சில ஆப்களில் வேகம் 'நாட்' (knot) என்ற அலகில் இருக்கும், சிலவற்றில் மைலில் இருக்கும். 20 நாட் என்பது 23 மைல். அமைப்புகளுக்குள் போய் எல்லாவற்றையும் ஒரே அலகுக்கு மாற்றி வைத்துவிடுங்கள்.

எட் லெவின் வேறு மாதிரி. மில்பிடாஸுக்குக் கிழக்கே, மேற்கைப் பார்த்த புல்மலை. மாணவர்கள் ஓடிப் பழகும் சின்ன மேட்டிலிருந்து 300 அடி, 600 அடி, உச்சியில் 1,750 அடி என்று படிப்படியாக லாஞ்சுகள். கீழே சாண்டி வுல் ஏரிக்குப் பக்கத்துப் புல்வெளியில் இறங்குவார்கள். இங்கே வேண்டியது பலத்த காற்று அல்ல. சரிவில் மேல்நோக்கி ஏறும் ஐந்து முதல் பன்னிரண்டு மைல் இளங்காற்று, நல்ல வெயில், அந்த வெயிலில் சூடாகிற காற்று தடையில்லாமல் மேலே போகக்கூடிய வானம், இந்த மூன்றும்தான். பிப்ரவரி கடைசியிலிருந்து மே வரை இவை மூன்றும் சேர்ந்து அமைகிற வாய்ப்பு அதிகம். கோடையில் பகல் தெர்மல் இங்கே பெரும்பாலும் ஏமாற்றும். காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் கீழ் மேடுகளில் பழகுவதற்கு மட்டும் கோடை அருமையான காலம்.

புதன்கிழமை: பெரிய படம் மட்டும்

புதன்கிழமை ராத்திரி மணி வாரியான காற்று வேகத்தையெல்லாம் பார்க்கவே பார்க்காதீர்கள். மூன்று நாளுக்கு அப்பால் "சனி மதியம் 3 மணிக்கு 16 மைல்" என்று ஒரு ஆப் காட்டுகிற எண்ணுக்கு மதிப்பு குறைவு. பார்க்கவேண்டியது அழுத்த அமைப்பு. வின்டி ஆப்பில் ஐரோப்பிய கணினி வானிலை மாடலையும் அமெரிக்க மாடலான ஜிஎஃப்எஸ்ஸையும் மாற்றி மாற்றித் திறந்து, சனி ஞாயிறில் பசிபிக் உயர் அழுத்தம் எங்கே நிற்கிறது, மேற்கிலிருந்து தாழ்வோ குளிர்முனையோ (குளிர்ந்த காற்றுத் திரளின் முன்விளிம்பு) வருகிறதா என்று பாருங்கள். இரண்டு மாடலும் ஒரே கதையைச் சொன்னால் நம்பிக்கை வைக்கலாம். ஆளுக்கொன்று சொன்னால் வெள்ளிக்கிழமைக்கு முன் யாருக்கும் எதையும் உறுதி சொல்லாதீர்கள்.

குளிர்முனை வருவதற்கு முன்னால் காற்று தெற்கிலிருந்து அடிக்கும், அது இரண்டு இடத்துக்கும் ஆகாது. முனை கடந்த உடனே வடமேற்கிலிருந்து பலத்த காற்று, கூடவே அங்கங்கே மழைத் தூறல். அதற்கு அடுத்த நாள்தான் பல நேரம் எட் லெவினின் பொன்னான நாள்: மேலே குளிர்ந்த காற்று இன்னும் இருக்கிறது, கீழே வெயில் திரும்பிவிட்டது, காற்று தணிந்துவிட்டது. அதற்கும் பிறகு உயர் அழுத்தம் உள்நாட்டுப் பக்கம் ஏறி உட்கார்ந்தால் காற்று வடகிழக்கிலிருந்து, தரையிலிருந்து கடலை நோக்கித் திரும்பும். இந்தக் கடைசி நிலையை எப்போதும் தனியாகக் கவனியுங்கள். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இது முற்றினால் டயாப்லோ காற்று, 1991 ஓக்லாந்து மலைத் தீயையும் 2017 அக்டோபரில் வடக்குப் பகுதிகளில் எரிந்த தீயையும் விரட்டிப் பரப்பிய அதே வறண்ட காற்று. எட் லெவின் அப்போது மலைக்குப் பின்பக்கம் ஆகிவிடுகிறது, காற்று உச்சியைத் தாண்டி உங்கள் லாஞ்சின் மேல் புரண்டு விழும். வானம் நீலமாக, கீழே மிக அமைதியாக, பறக்க அழைப்பது போலவே இருக்கும். அன்றைக்கு அங்கே பறக்கக் கூடாது. ஃபன்ஸ்டனிலும் காற்று முதுகிலிருந்து வரும், பேச்சே இல்லை. அந்த வார இறுதியை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

வியாழன், வெள்ளி: மனிதர்கள் எழுதியதைப் படியுங்கள்

வானிலைப் படங்களில் வண்ணங்களைப் பார்த்தே பழகிவிட்டோம், ஆனால் பே ஏரியாவுக்கு முன்னறிவிப்புச் செய்யும் தேசிய வானிலை சேவையின் மான்டெரே அலுவலகம் தினமும் பல முறை ஒரு நீண்ட குறிப்பு எழுதுகிறது, ஏரியா ஃபோர்காஸ்ட் டிஸ்கஷன் என்று பெயர். எனக்கு ஒரே ஒரு தகவல்தான் பார்க்கலாம் என்று கட்டாயம் வந்தால் இதைத்தான் எடுப்பேன். எண்கள் மட்டும் இருக்காது. எந்த மாடலை இன்றைக்கு நம்புகிறார்கள், எதில் சந்தேகம், மேகப்படலம் எத்தனை அடி தடிமனாக இருக்கிறது, கடலிலிருந்து உள்நாட்டுக்கு அழுத்த வித்தியாசம் எவ்வளவு என்று காரணத்தோடு எழுதியிருப்பார்கள். வியாழன் இரவு ஒரு முறை, வெள்ளி இரவு ஒரு முறை படியுங்கள். இரண்டுக்கும் நடுவில் அவர்களுடைய நம்பிக்கை கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்பதே ஒரு நல்ல தகவல்.

அந்தக் குறிப்பில் இரண்டு விஷயத்தை ஃபன்ஸ்டனுக்காகத் தேடுங்கள். முதலாவது அழுத்த வித்தியாசம். சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தின் கடல்மட்ட அழுத்தத்திலிருந்து சாக்ரமென்டோவினுடையதைக் கழித்தால் வருவது கடல்காற்றின் இழுவிசை: சென்ட்ரல் பள்ளத்தாக்கு சூடாகிச் சூடாகி அங்கே அழுத்தம் இறங்க இறங்க, கடல்பக்கக் காற்று உள்ளே ஓடுகிறது. சில மில்லிபார்கள் வித்தியாசம் என்றால் நல்ல மேற்குக் காற்று, பூஜ்யத்தை நெருங்கினால் சோர்ந்துபோகும், எதிர்மறையானால் தரைக்காற்று. இதோடு வடக்கே அர்காட்டாவுக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையிலான வித்தியாசத்தையும் பார்க்க வேண்டும். அது பெரிதாக இருந்தால் கடலோரக் காற்று வடமேற்கிலிருந்து வீசி, கரையை ஒட்டிச் சாய்வாக ஓடும். ஃபன்ஸ்டனில் வேகம் சரியாக இருந்தும் சரிவில் நேராக மோதாமல் குறுக்கே போகிற நாட்கள் இவை. ஆப்பில் "18 மைல்" என்று பார்த்துவிட்டு ஆசையாக வந்து, கார் நிறுத்துமிடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பவர்களைப் பார்க்கலாம். அவர்கள் திசையைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இரண்டாவது, கடல்மேகப் படலத்தின் தடிமன். கோடையில் உள்நாட்டில் அனல் கொளுத்தும்போது மேலிருந்து அழுந்தும் காற்று அந்தப் படலத்தை 500 அடி, சில சமயம் அதற்கும் கீழே நசுக்கிவிடும். அப்போது மூடுபனி நேரே சரிவின் மேலேயே உட்கார்ந்திருக்கும், காற்றும் இளைத்துப்போயிருக்கும். படலம் 1,500 அடி, 2,000 அடி என்று தடித்திருந்தால் மேகத்தின் அடிப்பாகம் உயரத்தில் இருக்கும், கீழே தாராளமாகப் பறக்கலாம். எனவே உள்நாட்டு ஊரான கான்கார்டில் 40 டிகிரி என்று செய்தியில் கேட்டால் "நல்ல வெயில், கடல்காற்று பிய்த்துக்கொண்டு வரும்" என்று நினைக்காதீர்கள், அந்த அளவு சூடு பல நேரம் ஃபன்ஸ்டனுக்கு எதிரான அறிகுறி. பனித்தூறலில் இறக்கைத் துணி நனைந்தால் கிளைடர் ஸ்டால் ஆகும் (இறக்கை தூக்குவிசையை இழக்கும்) வேகம் கூடிவிடும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

தெர்மல் எவ்வளவு உயரம் போகும்: ஒரு கழித்தல் கணக்கு

எட் லெவினுக்கு வெள்ளி இரவும் சனி அதிகாலையும் பார்க்கவேண்டியது ஓக்லாந்து பலூன். தினம் இரண்டு முறை அங்கிருந்து பலூன் விட்டு, ஏற ஏற வெப்பநிலையையும் காற்றையும் அளக்கிறார்கள். கோடை நேரப்படி காலை ஐந்து, மாலை ஐந்து மணிக் கணக்குக்கு. அந்தச் சாய்வுக் கோட்டு வரைபடத்தைப் பார்த்துப் பலர் பயந்து ஒதுக்கிவிடுகிறார்கள், ஆனால் நமக்கு வேண்டியதை எடுக்க ஒரே ஒரு எண் தெரிந்தால் போதும்: மேகமாகாமல் ஏறும் காற்று ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் 3 டிகிரி செல்சியஸ் குளிர்கிறது.

இப்படிப் போடுங்கள். மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பள்ளத்தாக்கில் அதிகபட்சம் 18 டிகிரி என்று முன்னறிவிப்பு. காலை பலூன் 5,000 அடியில் 2 டிகிரி காட்டுகிறது. தரையில் 18 டிகிரியில் கிளம்பும் காற்று 5,000 அடிக்கு ஏறும்போது பதினைந்து டிகிரி இழந்து 3 டிகிரியில் இருக்கும். சுற்றியிருப்பது 2 டிகிரி, நம்முடையது 3, இன்னும் ஒரு டிகிரி சூடு அதிகம், எனவே இன்னும் ஏறும். நடுவில் எங்கேயும் தடுக்கவில்லை என்று 2,000, 3,000, 4,000 அடிக்கும் இதே கழித்தலைப் போட்டுப் பார்த்துக்கொண்டால், அன்றைக்கு எட் லெவின் நல்ல நாள். இதையே ஜூலைக்குப் போடுங்கள். தரையில் 22 டிகிரி, பலூன் 2,000 அடியில் 24 டிகிரி காட்டுகிறது. ஏறும் காற்று 2,000 அடிக்குள் 16 ஆகிவிடும், சுற்றியிருப்பது 24. சட்டிக்கு மூடி போட்ட மாதிரி அதற்குக் கீழேயே நின்றுவிடும். 1,750 அடி லாஞ்சிலிருந்து குதித்தால் நேரே கீழே வந்து இறங்குவதுதான் கதி. இதைக் கணினியே போட்டுத் தருகிற ஆர்ஏஎஸ்பி, எக்ஸ்சி ஸ்கைஸ் மாதிரி தளங்கள் இருக்கின்றன, நன்றாகவே இருக்கின்றன. ஆனாலும் கையால் போட்டுப் பழகியவர்களுக்குத்தான் வெப்பம் இரண்டு டிகிரி குறைந்தால் நாள் எப்படி மாறும் என்பது பிடிபடும். அதிகபட்ச வெப்பநிலை 18 என்று சொன்ன நாளில் மதியம் மேகம் வந்து அது 16-லேயே நின்றுவிட்டால், மேலே போட்ட அதே மார்ச் கணக்கு 5,000 அடியில் 1 டிகிரி என்று முடிகிறது. சுற்றியிருப்பதைவிடக் குளிர். தெர்மல் அதுவரை எட்டாது.

உயரம் கிடைக்கும் என்று தெரிந்ததும் இன்னொன்று: மேலே விமானப் பாதைகள். வான்வெளி வரைபடத்தில் உங்கள் இடத்துக்கு மேல் வரம்பு எவ்வளவு என்று குறித்துக்கொண்டு வேரியோவில் (உயரமும் ஏற்ற இறக்கமும் காட்டும் கருவி) எச்சரிக்கை வையுங்கள். மேகத்தை ஒட்டியும் போகக் கூடாது. கட்டுப்பாடுள்ள வான்வெளியில் 10,000 அடிக்குக் கீழே மேகத்துக்கு 500 அடி கீழேயும் பக்கவாட்டில் 2,000 அடி தள்ளியும் இருக்கவேண்டும் என்பது சட்டம். கோடையில் எங்காவது காட்டுத்தீ என்றால் தீயணைப்பு விமானங்களுக்காக வான்வெளியைத் தற்காலிகமாக மூடுவார்கள், அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏவின் தளத்தில் காலையில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சனிக்கிழமை காலை: இனி ஆப் வேண்டாம், அளவீடு பாருங்கள்

எழுந்ததும் எச்ஆர்ஆர்ஆர் மாடலை ஒருமுறை பாருங்கள். 3 கிலோமீட்டர் கட்டங்களில் ஓடுகிறது, மணிக்கொருமுறை புதுப்பிக்கிறார்கள், அன்றைய நாளுக்கு அதுதான் நம்பகமானது. ஆனால் 3 கிலோமீட்டர் கட்டத்துக்கு 200 அடிச் சரிவு கண்ணில் படாது என்பதால் அங்கே வரும் எண்ணைக் கடலின் பொதுவான காற்றாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன்பிறகு உண்மையில் என்ன அடிக்கிறது என்பதற்குத் தாவுங்கள். சான் பிரான்சிஸ்கோவுக்கு மேற்கே 18 நாட்டிகல் மைல் தள்ளி 46026 என்ற மிதவை நிற்கிறது, அதன் காற்றுத் திசையும் வேகமும் மணிக்கு மணி கிடைக்கும். ஹாஃப் மூன் பே விமான நிலையம், சான் பிரான்சிஸ்கோ விமான நிலையம், எட் லெவினுக்கு சான் ஹோசே, மாஃபெட் விமானத்தளங்கள், இவற்றின் அளவீடுகளையும் பாருங்கள். முன்னறிவிப்பும் அளவீடும் காலை பத்து மணிக்கே ஒன்றுக்கொன்று முரண்பட்டால், முன்னறிவிப்பு தப்பு என்று எடுத்துக்கொண்டு திட்டத்தை மாற்றுங்கள்.

வீச்சையும், அதாவது இடையிடையே திடீரென்று கூடும் காற்றையும், கவனியுங்கள். சராசரி 14, உச்சம் 17 என்றால் சரி. சராசரி 14, உச்சம் 24 என்றால் அது வேறு நாள், சராசரியைப் பார்த்து ஏமாறக்கூடாது.

ஃபன்ஸ்டன் போய்ச் சேர்ந்ததும் கிளைடரை இறக்காதீர்கள், முதலில் பார்வை மேடைக்கு நடந்து போய்க் கடலைப் பாருங்கள். அங்கங்கே ஒன்றிரண்டு வெள்ளை நுரை தெரிந்தால் கடலில் 7 முதல் 10 நாட். பரவலாக நுரை என்றால் 11 முதல் 16. கடல் முழுக்க வெள்ளையாகி, தெறிப்பும் தெரிய ஆரம்பித்தால் 17-ஐத் தாண்டிவிட்டது, சரிவின் விளிம்பில் அது இன்னும் கூடுதலாக இருக்கும். வெகுதூரத்தில் கடல் நிறம் சட்டென்று கருத்து நுரைக்கத் தொடங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள், அந்தக் கோடு உங்களை நோக்கி வந்துகொண்டிருக்கலாம். பொதுவாக மதியம் எழும்பி, மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவே உச்சம் தொட்டு, அப்புறம் தணியும். புதிதாக வருகிறவர்களுக்கு உச்சத்துக்கு முந்தைய ஒரு மணி நேரத்தைவிட, தணிந்து வரும் மாலைதான் நல்லது. வலுத்து வருகிற காற்றில் மேலே மாட்டிக்கொள்வதைவிட தணிந்து வருகிற காற்றில் கீழே வந்துவிடுவது எவ்வளவோ மேல்.

எட் லெவினில் பார்க்கவேண்டியது வேறு. கீழே சாண்டி வுல் ஏரியில் ஒரு நிமிடம் நில்லுங்கள். தண்ணீர் முழுக்கச் சிலிர்த்திருக்கும்போது ஒரு கரையோரம் மட்டும் கண்ணாடி போல ஒரு பட்டை இருக்கும். காற்று அந்தக் கரைப் பக்கத்திலிருந்து வருகிறது. பறந்து கீழே வரும்போது மேலிருந்தும் இதைப் பார்க்கலாம், காற்றுப்பை மாட்டாத நாளிலும் திசை தெரிந்துவிடும். உச்சி லாஞ்சில் காற்றைக் காட்டக் கட்டியிருக்கும் ரிப்பன்களைக் குறைந்தது இருபது நிமிடமாவது பார்க்கவேண்டும். காற்று ஒரே சீராக வராது, சுற்றுச் சுற்றாக வரும்: ஒரு அசைவும் இல்லாமல் சில நிமிடம், கீழே சரிவில் புல் தலை சாய்ந்துகொண்டே மேலே ஏறி வரும், ரிப்பன் நிமிரும், பத்துப் பன்னிரண்டு மைல் வரை போய் மெல்ல அடங்கும். இடதும் வலதும் உள்ள ரிப்பன்கள் ஒன்றை ஒன்று பார்த்துத் திரும்பினால் நடுவில் ஏதோ மேலே கிளம்புகிறது என்று அர்த்தம். சுற்றின் முதல் பாதியில் ஓடிக் கிளம்புங்கள், அடங்கும்போது வேண்டாம். இரண்டு சுற்றுக்கு நடுவே காற்று முதுகிலிருந்து, மலைக்கு மேலேயிருந்து கீழே வருகிறது என்றால் அது பலவீனமாக இருந்தாலும் உட்கார்ந்து காத்திருங்கள். அடுத்தடுத்த சுற்றுகளிலும் அப்படியே என்றால் கிளைடரை மடித்துவிடுங்கள். பருந்தும் வல்லூறும் சிறகடிக்காமல் வட்டமிட்டு ஏறுகிறதா என்பதையும் பாருங்கள், அவை கிடைக்கிற உயரத்தை நேரிலேயே காட்டிவிடுகின்றன.

மதியத்துக்கு மேல் வளைகுடாவிலிருந்து கடல்காற்று உள்ளே நுழையும். சான் ஹோசே பக்கம் காற்றில் மங்கல் கூடும், கீழே பள்ளத்தாக்கில் கொடிகள் வடமேற்குக் காற்றில் படபடக்கும். உச்சியில் அப்போதும் மிதமாகவே இருக்கும். இங்கேதான் பலர் தவறுவது: லாஞ்ச் நன்றாக இருக்கிறது என்று கிளம்பிவிடுவார்கள், இறங்குமிடத்தில் அதற்குள் காற்று இருபது மைல் ஆகியிருக்கும். கிளம்புமுன் ரேடியோவில் கீழே இருக்கும் யாரிடமாவது இறங்குமிடத்துக் காற்றைக் கேட்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கீழே யாரும் இல்லை என்றால் அதுவும் யோசிக்கவேண்டிய விஷயம்தான்.

ஒரு வாரத்தை முழுதாக எடுத்துப் பார்த்தால்

மார்ச் மாதம் என்று வைத்துக்கொள்வோம். புதன்கிழமை இரண்டு மாடலும் வியாழன் இரவு குளிர்முனை கடக்கும், ஞாயிறு உயர் அழுத்தம் வடக்கே ஏறும் என்கின்றன. அப்போதே ஞாயிறை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிட்டு "சனி, அநேகமாக எட் லெவின்" என்று எழுதிக்கொள்கிறீர்கள். வெள்ளி இரவுக் குறிப்பு, சனி காலை தூறல் நின்றுவிடும், மதியம் வரை வடமேற்குக் காற்று மிதம் என்கிறது. சனி காலை பலூனில் தடுப்பு எதுவும் இல்லை. ஆனால் ஒரு விஷயம், மேலே குளிர் மிக அதிகம் என்றால் மேகம் வளர்ந்துகொண்டே போய் மதியம் இரண்டு மணிக்கு மழைமேகமாகிவிடலாம். அதனால் பத்து மணிக்கே மேலே போய்விட்டு, மேகத்தின் உயரம் அதன் அகலத்தைத் தாண்டத் தொடங்கியதும் இறங்கிவிடுவது என்று முன்கூட்டியே பேசி வைக்கிறீர்கள். ஞாயிறு காலை அழுத்த வித்தியாசம் எதிர்மறை. நெவாடாவின் வின்னமக்காவுக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே வித்தியாசம் பெரிதாகியிருக்கிறது என்று குறிப்பில் எழுதியிருக்கிறார்கள். அன்றைக்கு கிளைடர் கராஜிலேயே இருக்கட்டும்.

சரி, "வேண்டாம்" சொல்வதை எப்படிச் சுலபமாக்குவது? குடும்பத்தோடு போகிறீர்கள் என்றால், பறத்தல் இல்லாவிட்டாலும் நாள் நன்றாக இருக்கிற இடமாக வைத்துக்கொள்ளுங்கள். எட் லெவினில் ஏரிக்கரை இருக்கிறது, பிள்ளைகள் ஓட இடம் இருக்கிறது, புளியோதரை கட்டிக்கொண்டு போகலாம். ஃபன்ஸ்டனில் நாய்களோடு நடக்கலாம், கடற்கரைக்கு இறங்கலாம். அழைக்கும்போதே "பிக்னிக் போகிறோம், காற்று இருந்தால் பறப்பேன்" என்று சொல்லி அழையுங்கள். "நான் பறப்பதைப் பார்க்க வாருங்கள்" என்று அழைத்தால் கூட்டத்துக்கு முன்னால் மடித்து வைக்க மனம் வராது. உங்கள் வரம்பு எண்களை வெள்ளிக்கிழமை ராத்திரி, வீட்டில் உட்கார்ந்து, காகிதத்தில் எழுதுங்கள்: அதிகபட்சக் காற்று, அதிகபட்ச வீச்சு, அனுமதிக்கும் திசை, கடைசியாகக் கிளம்பும் நேரம். கூடப் பறக்கிற ஒருவரிடம் அதைக் காட்டி, "இதைத் தாண்டினால் நீ என்னைத் தடுக்க வேண்டும்" என்று சொல்லி வையுங்கள். வடக்கே ஹேட் க்ரீக் ரிம் மாதிரி நாலைந்து மணி நேரம் ஓட்டிப் போகிற இடங்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். மாலையில் அமைதியாகத் தூக்கிவிடும் காற்றுக்குப் பேர்போன இடம் அது. ஆனால் அவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்ற அழுத்தமும் அங்கேதான் அதிகம், எனவே வெள்ளி இரவு துளி சந்தேகம் இருந்தாலும் தூரப் பயணத்தை ரத்து செய்துவிட்டு உள்ளூரிலேயே இருங்கள்.

அப்புறம் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளி இரவு என்ன எதிர்பார்த்தீர்கள், அழுத்த வித்தியாசம் எவ்வளவு, படலம் எத்தனை அடி, பலூன் கணக்கில் வந்த உயரம் என்ன, சனிக்கிழமை உண்மையில் என்ன கிடைத்தது. பறக்காமல் வீட்டில் இருந்த நாளுக்கும் ஒரு வரி எழுதுங்கள், அதுதான் பலர் விட்டுவிடுகிற வரி. மாலை நாலு மணிக்கு மிதவையும் விமான நிலையங்களும் என்ன காட்டின என்று ஐந்து நிமிடத்தில் பார்த்துக் குறித்துவிடலாம். ஒரு வசந்தம் முழுக்க இப்படி எழுதினால், உங்கள் லாஞ்சில் பதினைந்து மைல் அடிப்பதற்கு அழுத்த வித்தியாசம் எத்தனை மில்லிபார் வேண்டும் என்பது அந்த நோட்டிலேயே கிடைக்கும்.